ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துச் சிலர் ஆவலோடு வந்திருப்பீர்கள். சிலர் முகம் சுளித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். வீட்டில் காய்ச்சிய லாகர் பீரைக் கெக் என்ற உலோகப் பீப்பாயில் அடைத்துக் குளிரில் கிடத்துவதுதான் இன்றைய பொருள். இரு சாராருக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. காய்ச்சச் சொல்லவும் வரவில்லை. நம் தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அது சட்டம். நான் பேச வந்தது விஞ்ஞானம்.

கேள்வி இதுதான். அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் பீர் காய்ச்சுகிறார். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்துவிடுகிறது. சாராயச் சத்து இறங்கிவிட்டது, குடிக்கலாம். ஆனால் அவர் குடிப்பதில்லை. அதை ஓர் எவர்சில்வர் கெக்கில் நிரப்பி, உறைநிலையை ஒட்டிய குளிரில், நான்கு வாரம், ஆறு வாரம், எட்டு வாரம் என்று கிடத்தி வைக்கிறார். ஏன்? அந்தக் குளிர் பீருக்கு என்ன செய்கிறது? அதைவிட முக்கியமாக, அந்தக் குளிர் என்ன செய்யாது? இந்த இரண்டாவது கேள்வியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

தெற்கு ஜெர்மனியில் பவேரியா என்ற பகுதி. அங்கே கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப் புளித்தது. 1553-இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் என்ற கோமகன் ஓர் ஆணை போட்டார். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம். மற்ற மாதங்களில் அடுப்பு எரியக் கூடாது. கிருமிகளைப் பற்றி யாருக்கும் தெரியாத காலம் அது. ஈஸ்ட் என்றால் என்னவென்று ஆணை போட்டவருக்கும் தெரியாது, அதைக் கேட்டு நடந்தவருக்கும் தெரியாது. ஆனால் விளைவு என்ன? குளிரில் வேலை செய்யத் தெரிந்த ஈஸ்ட்தான் அந்த ஊர்த் தொட்டிகளில் நிலைத்தது. மற்றது ஒதுங்கிப் போயிற்று. ஆண்டுதோறும், தலைமுறை தலைமுறையாக, குளிர்காலமே ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தது. இப்படிக் குளிரில் நொதித்து, குளிரிலேயே கிடந்து பக்குவப்படும் பீர்தான் லாகர்.

சரி, மார்ச் மாதம் காய்ச்சிய பீர் கோடை முழுதும் தாங்க வேண்டுமே, அதற்கு என்ன வழி? நிலத்துக்கடியில் அறை தோண்டினார்கள். ஏரியில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக்கொண்டு வந்து அடுக்கினார்கள். மேலே சரளைக்கல் பரப்பினார்கள். நிழல் விழுந்தால் தரை சூடேறாது என்று, அகன்ற இலையுள்ள செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். பிறகு அந்த நிழலிலேயே பெஞ்சு போட்டு விற்கவும் தொடங்கினார்கள். மியூனிக்கின் பீர்த் தோட்டங்களுக்கு இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கீழே கிடந்த பீப்பாய்களுக்காக வளர்த்த நிழலில்தான் அவர்கள் உட்காருகிறார்கள்.

1842 அக்டோபர் 5-ஆம் நாள், போஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் என்ற பவேரியக்காரர் பொன்னிற லாகரை முதன்முதலாகக் காய்ச்சினார். இன்று உலகம் பீர் என்றதும் நினைக்கும் அந்த நிறம் அங்கிருந்து வந்ததுதான். அதே 1842-இல் நம் சென்னைக் கடற்கரையில் என்ன எழுந்தது தெரியுமா? ஐஸ் ஹவுஸ்! பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூள் போர்த்திக் கப்பலேற்றி இங்கே அனுப்பினார். அதைச் சேமிக்கக் கட்டிய கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். குளிர் அன்றைக்கு ஒரு சரக்கு. வெட்டி எடுத்து, எடை போட்டு, விலை பேசி விற்ற சரக்கு. பனிக்கட்டி கிடைத்த ஊரில்தான் லாகர் காய்ச்ச முடிந்தது. கிடைக்காத ஊரில் முடியவில்லை.

இந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும். மியூனிக்கில் ஸ்பாட்டன் பீர் ஆலையை நடத்திய கேப்ரியல் செட்ல்மயர். 1845-இல் டென்மார்க்கிலிருந்து யாக்கோப்சன் என்பவர் வந்து கேட்டபோது, தன் ஆலையின் ஈஸ்ட்டை எடுத்துக் கொடுத்தார். வண்டி நின்ற இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தபடி, யாக்கோப்சன் அதைக் கோபன்ஹேகன் கொண்டு போய்ச் சேர்த்தார் என்று சொல்வார்கள். இரண்டு ஆண்டில் கார்ல்ஸ்பர்க் ஆலை எழுந்தது. அதே செட்ல்மயர்தான் 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே என்ற பொறியாளரைத் தன் ஆலைக்குள் விட்டார். லிண்டே தன் குளிர்விக்கும் இயந்திரத்தை அங்கே வைத்துச் சோதித்தார். நம் வீட்டு ஃபிரிட்ஜின் முன்னோர்களில் ஒன்று, பீர் ஆலையில் வேலை பார்த்த இயந்திரம்!

யாக்கோப்சன் கொண்டு போன ஈஸ்ட்டின் கதை அங்கே முடியவில்லை. 1883-இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் உயிரணுவைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து கலப்பில்லாத ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அந்த முறையை ஆலை பூட்டி வைக்கவில்லை. கேட்ட ஆலைகளுக்கெல்லாம் கொடுத்தது. அந்த லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம் என்பது பின்னால் தெரிந்தது. ஒரு பெற்றோர், ரொட்டியை உப்ப வைக்கும் நம் பழைய ஈஸ்ட். இன்னொரு பெற்றோர் யார்? நெடுங்காலம் தெரியவில்லை. 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் அதைத் தென் அமெரிக்காவின் படகோனியக் காடுகளில் கண்டார்கள். பிறகு திபெத்தில் கிடைத்தது. 2022-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஒரு பல்கலைக்கழக வளாகத்து மண்ணிலேயே கிடைத்ததாக அறிவித்தார்கள். குளிரைத் தாங்கும் குணம் அந்தக் காட்டு உறவிடமிருந்து வந்தது.

சரித்திரம் போதும். இப்போது வீட்டுக்கு வருவோம்.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் நீங்கியது. ஆனால் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மட்டும் அனுமதி வரவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. விற்கக் கூடாது, வயது வந்த ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன் காய்ச்சிக்கொள்ளலாம். மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் ஒத்துக்கொண்டது 2013-இல்.

அனுமதி வந்தது. பாத்திரம்? அது குளிர்பானக் கம்பெனிகளிடமிருந்து வந்தது. ஒரு காலத்தில் கோலா பானங்களைக் கடைகளுக்கு 5 கேலன் எவர்சில்வர் கெக்குகளில் அனுப்பினார்கள். பிறகு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் பாகை அடைத்து அனுப்பும் முறை வந்தது. கெக்குகள் வேண்டாத சாமான்களாகிக் குவிந்தன. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அவற்றை மலிவாக வாங்கினார்கள். பவேரியக்காரனுக்கு ஒரு குகையும் ஒரு குளிர்காலமும் தேவைப்பட்டன. இவர்களுக்குப் பழைய கோலா கெக்கும் ஒரு டீப் ஃபிரீஸரும் போதுமானதாயின.

அந்தக் கெக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஏறக்குறைய இரண்டடி உயரம்; 19 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு முனைகள். ஒன்றின் வழியே கரியமில வாயு உள்ளே போகும். மற்றொன்றின் கீழே ஒரு நீண்ட குழாய் அடி வரை இறங்கும். பீர் அதன் வழியே மேலே வரும். நடுவில் மூடி. அந்த மூடி வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இருக்கும். ஏன்? அதைச் சாய்த்து வாய் வழியே உள்ளே விட்டு, திருப்பி, உள்ளிருந்து மேலே இழுத்துப் பொருத்த வேண்டும். விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே வாயு அழுத்தம் ஏற ஏற, மூடி மேல்நோக்கித் தள்ளப்பட்டு வளையத்தோடு இறுகும். அழுத்தம் இருந்தால் மூடி இறுகும். அழுத்தம் போனால் மூடி தளரும். இதை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லாகர் காய்ச்சுகிறவர் கைக்கொள்ள வேண்டிய விதி மூன்று. முதலில் முடிக்க விடு. பிறகு குளிர வை. நடுவில் காற்றை விடாதே.

முதல் விதி: முடிக்க விடு. லாகர் ஈஸ்ட் பெரும்பாலும் 8 முதல் 13 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. வேலையின்போது அது ஒரு பொருளை வெளியே கசியவிடுகிறது. அது பீருக்குள் மெல்ல மெல்ல டைஅசிட்டைல் என்ற பொருளாக மாறுகிறது. டைஅசிட்டைலுக்கு என்ன வாசனை? வெண்ணெய் வாசனை. மோரில் வந்தால் மணம். லாகரில் வந்தால் குற்றம். பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே தேர்ந்த நாக்கு கண்டுபிடித்துவிடும்.

இந்தக் குற்றத்தைச் செய்ததும் ஈஸ்ட், திருத்துவதும் ஈஸ்ட். நல்ல நிலையில் இருக்கும் ஈஸ்ட் டைஅசிட்டைலைத் திரும்ப உள்ளிழுத்து, வாசனை தெரியாத பொருளாக மாற்றிவிடும். ஆனால் அதற்குச் சற்று வெதுவெதுப்பு வேண்டும். எனவே நொதித்தல் முடியும் தறுவாயில், இரண்டு மூன்று நாள் 15 முதல் 18 டிகிரி வரை ஏற்றி வைப்பார்கள். அவசரப்பட்டு அதற்கு முன்பே குளிரில் தள்ளினால் என்ன ஆகும்? ஈஸ்ட் மயங்கி அடியில் படிந்துவிடும். கசிந்த பொருள் பீரிலேயே தங்கிவிடும். இரண்டு மாதம் குளிரில் கிடந்தாலும் அது அசையாது. குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்த பீர் கொஞ்சம் சூடேறும்போது வெண்ணெய் வாசனை தலைகாட்டும். இப்போது புரிகிறதா, குளிர் என்ன செய்யாது என்று? குளிர் திருத்தாது. திருத்த வேண்டியவனைத் தூங்க வைத்துவிடும்.

முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு சிறு கண்ணாடிக் குடுவைகளில் கொஞ்சம் பீரை எடுப்பார்கள். ஒன்றை மூடி, 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, பிறகு ஆற வைப்பார்கள். மற்றதை அப்படியே விடுவார்கள். இரண்டையும் முகர்ந்து பார்ப்பார்கள். இரண்டிலும் வெண்ணெய் வாசனை இல்லையென்றால் வேலை முடிந்தது. சூடுபட்டதில் மட்டும் வந்தால், ஒளிந்திருந்த பொருள் வெளிப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். பல லட்சம் ரூபாய்க் கருவி செய்யும் வேலையில் பாதியை இந்த இரண்டு குடுவையும் ஒரு மூக்கும் செய்துவிடுகின்றன.

இரண்டாவது விதி: குளிர வை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக இறக்கி, 0 முதல் 2 டிகிரி வரை கொண்டு வருவது பழைய வழக்கம். 5 சதவீத பீர் உறைவது ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே. டீப் ஃபிரீஸரைத் தன் போக்கில் விட்டால் மைனஸ் 18-க்குப் போய் எல்லாம் கட்டியாகிவிடும். அதனால் வெப்பத்தைக் கண்காணித்து மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஒன்றை வெளியே மாட்டுவார்கள். அதன் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. கெக்கின் உடம்பில் ஒட்டி, மேலே துணியோ ஸ்பாஞ்சோ வைத்துக் கட்ட வேண்டும். நமக்கு வேண்டியது பீரின் வெப்பநிலை. காற்றின் வெப்பநிலை அல்ல.

அந்தக் குளிரில் என்ன நடக்கிறது? ஈஸ்ட் படிகிறது. லாகர் ஈஸ்ட் விட்ட லேசான அழுகிய முட்டை வாடை மறைகிறது. பார்லியிலிருந்து வந்த புரதமும், உமியிலிருந்தும் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலிருந்தும் வந்த துவர்ப்புப் பொருளும் குளிரில் கைகோத்துக்கொள்கின்றன. சூட்டில் பிரிந்து கரைந்திருந்தவை, குளிரில் சேர்ந்து பனிமூட்டம்போல் தெரிகின்றன. பெருத்து, கனத்து, கீழே இறங்குகின்றன. அதனால்தான் பரிமாறும் குளிரைவிட அதிகக் குளிரில் கிடத்த வேண்டும். 1 டிகிரியில் வெளிவந்து படிந்துவிட்டால், 5 டிகிரியில் ஊற்றும்போது கலங்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

இங்கே வீட்டுக்காரருக்கு ஒரு லாபம் உண்டு. நீரில் மிதக்கும் துகள் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு 1851-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுக் கொடுத்தார். துகளின் அளவு இரட்டித்தால் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். அப்படியென்றால், துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தால் தெளிவு சீக்கிரம் வரும். இறங்க வேண்டிய உயரம் குறைந்தாலும் சீக்கிரம் வரும். பல அடி உயரத் தொட்டியில் துகள் இறங்க வேண்டிய தூரம் எங்கே, இரண்டடிக் கெக் எங்கே! பெரிய ஆலைகள் சில தங்கள் தொட்டிகளைப் படுக்கை வாட்டில் வைப்பதற்கும் இதுதான் காரணம்.

அவசரக்காரர்கள் கொஞ்சம் ஜெலட்டினைக் கரைத்து ஊற்றுவார்கள். நம் கிராமங்களில் கலங்கல் தண்ணீர் வந்தால் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்களே, அதே வேலைதான். ஈஸ்ட்டின் மேல் எதிர்மின்னூட்டம், ஜெலட்டினுக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டி, கட்டியாகி, அடியில் உட்காரும். ஓரிரு நாளில் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். ஆனால் தெளிவு வேறு, பக்குவம் வேறு. கண்ணுக்குத் தெளிந்தது நாக்குக்கும் தெளிந்திருக்க வேண்டுமென்பதில்லை.

மூன்றாவது விதி: காற்றை விடாதே. நொதிக்கும்போது ஈஸ்ட் கிடைத்த ஆக்சிஜனையெல்லாம் எடுத்துக்கொள்ளும். அது அடங்கிய பிறகு உள்ளே போகும் ஒவ்வொரு துளி ஆக்சிஜனும் பீரைக் கிழவனாக்கும். நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி வரும், நிறம் கறுக்கும். தொழில்முறை ஆலைகள் ஆக்சிஜனை நூறு கோடியில் நூறு பங்குக்கும் கீழே வைக்கப் பாடுபடுகின்றன. வீட்டுக்காரர் என்ன செய்வார்? கெக்கைக் கிருமிநீக்கித் திரவத்தால் வாய் வரை நிரப்புவார். மூடியை இறுக்கி, கரியமில வாயுவைச் செலுத்தி, அந்தத் திரவம் முழுவதையும் வெளியே தள்ளுவார். இப்போது உள்ளே இருப்பது கரியமில வாயு மட்டும். பிறகு பீரைத் திறந்து ஊற்றாமல், மூடிய குழாய் வழியே அடியிலிருந்து நிரப்புவார்.

இங்கேதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன மூடி வருகிறது. நிரப்பியதும் மூடிவிட்டேன், ஃபிரீஸரில் வைத்துவிட்டேன் என்று போய்விடலாமா? போகக் கூடாது. குளிரக் குளிர உள்ளே இருக்கும் வாயு சுருங்கும். அது மட்டுமல்ல, குளிர்ந்த பீர் கரியமில வாயுவை அதிகமாக உறிஞ்சும். அழுத்தம் இறங்கும். அழுத்தத்தால் இறுகியிருந்த மூடி தளரும். யாருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல், வெளிக்காற்று உள்ளே போகும். ஆகவே முதலில் 30 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம் கொடுத்து மூடியை இறுக வைக்க வேண்டும். விளிம்பில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குளிரும் நாட்களில் வாயு இணைப்பைக் கழற்றக் கூடாது.

அந்த இணைப்பால் இன்னொரு பலனும் உண்டு. 3 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. வாயுவைத் திறந்து வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் பீருக்கு வேண்டிய நுரைப்பு தானே வந்துவிடும். அதே நுரைப்பை 20 டிகிரியில் கொண்டுவர ஏறக்குறைய 28 பி.எஸ்.ஐ. வேண்டும். தெளிவதும் நுரைப்பதும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. கெக்கின் பெருமை இதுதான். ஆனால் ஓர் எச்சரிக்கை. கரியமில வாயு கசிந்தால் அது மூடிய அறையில் தரையோடு தேங்கும், ஆளைச் சாய்த்துவிடும். காற்றோட்டம் இல்லாத நிலவறையில் சிலிண்டர் வைப்பது உயிரோடு விளையாடுவது. மூடியைத் திறக்குமுன் அழுத்தத்தை வெளியே விட்டுவிடுவதும் கட்டாயம்.

கடைசியாக, திறக்கும் நாள். அடி வரை இறங்கும் குழாய் முதலில் இழுப்பது மண்டியைத்தான். முதல் கிளாஸ் கலங்கலாக வரும், அதைக் கொட்டிவிடுவார்கள். அடுத்தடுத்து தெளிந்து வரும். அதற்குப் பிறகு கெக்கை அசைக்கக் கூடாது. நகர்த்த வேண்டியிருந்தால் தெளிந்த பீரை முதலில் வேறொரு கெக்குக்கு மாற்றிவிட வேண்டும். ஆறு வாரப் பொறுமையை ஒரு குலுக்கல் கெடுத்துவிடும்.

எத்தனை வாரம் கிடத்த வேண்டும் என்று கேட்பீர்கள். பழைய முறை ஆலைகள் மாதக்கணக்கில் கிடத்துகின்றன. செக் நாட்டுப் புட்வார் தன் லாகரை 90 நாள் கிடத்துவதாகப் பெருமையோடு சொல்கிறது. வேறு பல ஆலைகள் வடிகட்டியும் சுழற்றியும் சில வாரத்தில் முடித்துவிடுகின்றன. என் கருத்தைக் கேட்டால், நாட்களுக்குத் தனிப் புண்ணியம் எதுவும் இல்லை. லேசான லாகர் நான்கு முதல் ஆறு வாரத்தில் பக்குவப்படும்; கனமான டாப்பல்பாக் வகைக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். வாரம் ஒரு வாய் ருசி பார்க்கிறவருக்குக் காலண்டர் தேவையில்லை. ஆனால் முதல் விதியை மீறியவருக்கு எந்தக் காலண்டரும் உதவாது.

நண்பர்களே, ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நான் அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆக்கி முடிக்காமல் ஆற வைத்தும் பயனில்லை. குளிர் எதையும் சேர்ப்பதில்லை. ஈஸ்ட் முடித்துக் கொடுத்த நல்ல பீரிலிருந்து வேண்டாததைக் கழித்துத் தருகிறது; அவ்வளவுதான் அதன் வேலை. முடியாத பீரைக் குளிரில் வைத்தால், முடியாத பீர்தான் குளிர்ந்து கிடைக்கும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடநூல்களில் நொதித்தல் என்ற பாடம், சர்க்கரை எத்தனாலாகிறது என்ற ஒரே சமன்பாட்டோடு முடிந்துவிடுகிறது. அங்கே நின்றுவிடாதீர்கள். எத்தனால் வந்த பிறகு ஈஸ்ட் என்ன செய்கிறது, குளிர் என்ன செய்கிறது, ஆக்சிஜன் என்ன செய்கிறது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். பவேரியர்கள் முந்நூறு ஆண்டுகள் காரணம் தெரியாமலே செய்த வேலைக்குக் காரணம் சொல்லும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. அதை நழுவ விடாதீர்கள்.